ரேகை அழிந்த விரல்கள்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கீமோ மாத்திரை, மூன்றாவது சுற்று, ஒன்பதாம் நாள். வயிற்றுப்போக்கு நான்கு முறை. உள்ளங்கை செக்கச்செவேல், தோல் உரிகிறது. பாத்திரம் தேய்க்க வந்த செல்வி பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மருதாணி இட்டுக்கினியா? மாப்ள யாரு?" சிரித்தேன். உதட்டுப் புண் வெடித்தது. இவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். பாத்ரூம் கழுவுகிறவளிடம் எதை மறைக்க.

காபி பிளாஸ்டிக் கப்பில். டம்ளர் சூட்டைக் கை தாங்கவில்லை. இந்த வீட்டில் பிளாஸ்டிக்கில் காபி, முதல் தடவை. ருசி எதில் குடித்தாலும் துருப்பிடித்த ஆணி.

கூடுவாஞ்சேரியிலிருந்து மகன் சேகர் போன். "அல்சர் எப்படிம்மா இருக்கு?" "அடங்கியிருக்கு." "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடேன்."

கேன்சர் என்று சொன்னால் அன்று மாலையே டெம்போ வந்து வாசலில் நிற்கும். அவன் நல்லவன், அதுதான் பயம். ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த வீட்டில், சாமான்கள் நான் வைத்த இடத்தில் இருக்க, சாக வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

தபால்காரர் மெஷினோடு வந்தார். நவம்பர் வந்தால் நான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் என் வீட்டுக்காரர் போனபின் வரும் குடும்ப பென்ஷன் நின்றுவிடும். மாத்திரை வாங்குவது அதில்தான்.

கட்டை விரல் வைத்தேன். எடுக்கவில்லை. "தொடச்சிட்டு வைங்கம்மா." துடைத்து வைத்தேன். பிறகு பத்து விரலும். "இன்னாம்மா இது, ஒரு ரேகையும் காணோம்? ஆசிட்ல கைய வுட்டீங்களா?" புது சோப்பு என்றேன். போனில் முகத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னார், சிமிட்டினேன். ஆதார் படத்தில் இருப்பவள் கன்னத்தில் சதை வைத்த ஒருத்தி. பொருந்தவில்லை. "பென்ஷன் ஆபீசுக்கே நேர்ல போயிடுங்கம்மா."

மாத்திரை இல்லாவிட்டால் உயிர் இல்லை. சாப்பிட்டால், உயிரோடிருப்பதாக அரசாங்கம் ஒப்புக்கொள்ளாது.

நவம்பர் 7, வெள்ளி

ஆஸ்பத்திரி. சின்ன டாக்டரம்மா சிரித்தாள். "இந்த மருந்துக்கு ரேகை அழியறது சகஜம் ஆன்ட்டி. இப்ப நீங்க தைரியமா திருடப் போகலாம்." நல்ல பெண். ஆன்ட்டியை நிறுத்தினால் இன்னும் நல்ல பெண்.

ஆபீசுக்குக் கடிதம் கொடுத்தாள். முதல் வரியிலேயே நோயின் பெயர். இல்லாமல் எழுத முடியாதா? முடியாதாம். மருந்தை நிறுத்தினால் ரேகை வருமா? வருமாம், ஆனால் நிறுத்தக் கூடாதாம். ஆபரேஷன் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னாள். வேண்டாமா, முடியாதா என்று இன்றும் கேட்கவில்லை.

வாங்க: பருத்தி சாக்ஸ் 2, பாதத்துக்கு க்ரீம், பேதி நிற்க மாத்திரை, பினாயில்.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டது. தெருவில் தண்ணீர். பாதத்தில் கொப்புளம், ஆட்டோ ஏற முடியாது. வேறு வழியில்லாமல் சேகரைக் கூப்பிட்டேன். லீவு போட்டுக் காரோடு வந்தான். கடிதம் கைப்பையின் ஜிப் அறையில்.

தாம்பரம் ஆபீஸ். கிளார்க்: "மறுமணம் செஞ்சுக்கலைன்னு இங்க ஒரு கையெழுத்து மேடம்." வரன் அமையவில்லை என்றேன். சேகர் சிரித்தான். அவன் சிரித்து நாளாயிற்று. கையெழுத்து கோணல். பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஆக்னஸ் பார்த்திருந்தால் முட்டியில் ஸ்கேல்.

கடிதத்தைக் கொடுக்கும் நேரம் சேகரைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பினேன். கிளார்க் படித்தார். என்னைப் பார்க்காமல், "இதுக்கு ரெண்டு ஜெராக்ஸ் வேணும் மேடம். எதிர்லயே கடை."

நானே எழுந்தேன். வாசலில் ஏழு படி, அதன் கீழே தண்ணீர். இரண்டாம் படியில் கால் நின்றுவிட்டது. சேகர் பாட்டிலோடு வந்தான். "குடும்மா, நான் எடுத்துட்டு வரேன்." நான்காக மடித்துக் கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுக்கிறவனிடம் பிரிக்காதே என்று எப்படிச் சொல்ல?

படியில் நின்றே பார்த்தேன். கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இவன் கொடுக்கவில்லை. படித்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தான். "ரெண்டுதானே கேட்டாங்க. மூணு எடுத்தேன்." ஒன்று அவன் சட்டைப் பையில்.

முத்திரை விழுந்தது. உயிரோடிருக்கிறேன். மறுமணம் ஆகவில்லை.

காரில் ஏறினோம். கூடுவாஞ்சேரிக்கே விட்டுவிடுவான் என்று கதவுப் பிடியைப் பிடித்தபடி இருந்தேன். என் வீட்டுப் பக்கம், வேளச்சேரி ரோட்டில்தான் திரும்பினான்.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடி தூறல். சேகர் நேற்று இங்கேயே தங்கினான். காலையில், "எப்பலேர்ந்து?" "செப்டம்பர்." "அல்சர்னு சொன்னே." "சொன்னேன்." தோசையைத் தொடவில்லை.

கிளம்பும்போது, "வீட்டுச் சாவி ஒண்ணு குடும்மா." நியாயம்தான். கொத்திலிருந்து கழற்றப் பார்த்தேன். வளையத்தைப் பிரிக்க விரலில் தோல் இல்லை. செல்வி எதிரில் மூன்று முறை முயன்றேன். அவன் வாங்கிக்கொண்டான், முழுக் கொத்தையும். சாயங்காலம் வருகிறேன் என்றான்.

எட்டுச் சாவி. பீரோ சாவியும் அதில்.

மாலை ஆறு. வேறு புடவை மாற்றிக்கொண்டேன். தலை வாரினேன். வாசலில் வண்டிச் சத்தம். காரா டெம்போவா, இங்கிருந்து தெரியவில்லை.