இல்லாத கண்ணாடி

அன்புள்ள மூத்தவளுக்கு,

"வாயே திறக்காத நாடகத்துக்கு நாடு நாடாப் போகணுமா? இங்கேயே வாயை மூடிட்டு இரு" என்று நான் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அன்று மூடிய வாயை நீ என்னிடம் இன்னும் திறக்கவில்லை.

போன வாரம் உன் நாடகத்துக்கு வந்திருந்தேன். விமானச் சீட்டு உன் அம்மாவின் சதி.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீயும் அந்த உயரமான பெண்ணும் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்தீர்கள். கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் முப்பது வருடம் ஜன்னல் கண்ணாடி பொருத்தியவனுக்கு அதன் கனம் தெரிந்தது. படியேறும்போது உன் பக்கத்துக் கீழ்மூலை இடிக்கப் பார்த்தது.

"பாப்பா, மூலை! மூலை!" என்று எழுந்து கத்திவிட்டேன். அரங்கமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை, மூலையை மெல்லத் தூக்கிப் பிடித்தாய். நான் சொன்னதை நீ கேட்டது அதுதான் முதல் தடவை.

வெட்கம் பிடுங்கித் தின்ன, உன்னைப் பார்க்காமலே ஓடிவந்துவிட்டேன்.

அடுத்து எந்த ஊரில் நாடகம்? எழுது. இந்த முறை மேடைக்குப் பின்னால் வருகிறேன். அவ்வளவு பெரிய கண்ணாடியை வெறுங்கையால் தூக்குகிறாய். என் கையுறையை எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
வாயை மூடத் தெரியாத அப்பா