நகமளவுப் படம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நேற்று உங்கள் கம்ப்யூட்டர் அறையில் நான், பெரியவள், மாப்பிள்ளை, மூன்றே பேர்தான் இருந்தோம்.

ஃபிளாப்பி காலத்திலிருந்து எதையும் தூக்கிப் போடாத நீங்கள், இந்த முறை ஊருக்குப் போகும் முன் போன பயணத்தின் படங்களை மட்டும் அழித்தது என்னை உறுத்தியது. வீட்டுக் கணக்குப் போடத்தான் நானாகக் கம்ப்யூட்டர் கற்றேன். ஆனால் உங்கள் பழைய விண்டோஸ், அழித்த படத்துக்கும் நகமளவில் ஒரு நகலை ஒளித்து வைக்கும் என்று எனக்குத் தெரியும். புதியது வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர் நீங்கள்தானே!

அந்த நகலைத் தேடி எடுத்தேன். போன பயணம் மாநாட்டுக்கு என்றீர்கள். படத்தில் ஒரு சின்னச் சமையலறை. உங்கள் மடியில் குழந்தை. பின்னால் முகம் தெரியாத ஒரு பெண்.

"மாமா பெரிய ஆள்தான்" என்று சிரித்த மாப்பிள்ளை, என் முகத்தைப் பார்த்து, "விடுங்க அத்தை, வந்ததும் கேட்டுக்கலாம்" என்றார்.

அப்போதுதான் படத்திலிருந்த பெண் இடது கையில் கரண்டி பிடித்திருந்ததைக் கவனித்தேன். இடது கைப் பழக்கக்காரி, என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போன நம் சின்னவள்.

பெரியவள் ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்கும் தெரியுமா? இதுவரை போன பயணமெல்லாம் அங்கேதானா?

வந்து பேசிக்கொள்ளலாம். குழந்தையின் பெயர் என்ன? பெயர் தெரியாமல் இன்று பிரார்த்தனையில் தடுமாறினேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நம் இரண்டு பெண்களின் அம்மா