திறக்காத பொத்தான்

தம்பி,

உன் மனைவி நினெட்டா மேல் எனக்கு ஒரு கண் என்று நீ மீன் சந்தையில் கத்தியது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவள் சரிந்தபோது, நீ கடலில் இருந்தாய்.

மூச்சில்லை. நெஞ்சை அழுத்தினேன். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும், குரலில் வழி சொல்லும் கருவியை யாரோ கொண்டுவந்தார்கள். "மேலாடையை அகற்றுங்கள்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. என் கை பொத்தான்வரை போய் நின்றுவிட்டது. அழுத்துவதையும் விட்டுவிட்டு, "பொம்பளைங்க யாராவது வாங்களேன்!" என்று கூவினேன்.

மருந்துக்கடை நுன்ட்ஸியா ஓடிவந்தாள். "அவ சாகக் கிடக்கிறா, உனக்கு மானம் கேக்குதா?" என்று நினெட்டாவின் சட்டையைக் கிழித்து, கருவியின் ஒட்டுகளை நெஞ்சில் பதித்தாள். அதிர்ச்சி பாய்ந்ததும் இதயம் மறுபடி துடித்தது.

உயிரைக் காப்பாற்றினேன் என்று எனக்கு ஒயின் அனுப்பியிருக்கிறாய். நேற்று பலெர்மோ மருத்துவமனையில் கண்விழித்தவள் உன்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாளாம். ஊர்வாய்க்குப் பயந்து நான் நின்ற அந்த நேரத்தில்தான், மூளைக்கு ரத்தம் போகாமல், அவள் உன்னைத் தொலைத்தாள்.

புட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்.

நீ முன்பு அண்ணன் என்று கூப்பிட்டவன்