அடுப்புக் கண்ணாடியில் பூத்த வெள்ளை

நோர்வூட்,
14.7.1961

அன்புள்ள மகன் அழகுமுத்துவுக்கு அம்மா எழுதுவது. கொழும்பில் நீ சுகமாக இருக்க முருகன் துணை செய்யட்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை, மனசுதான் ஒருவருக்கும் சரியில்லை.

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது, நான்தான் சத்தமாக வாசித்தேன். பெக்டரியில் தேயிலை காயவைக்கிற அடுப்பின் கதவுக் கண்ணாடியில் உடைந்து விழுந்த சில்லை அனுப்பினோமே, அதை உன் காலேஜ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயாம், வெள்ளையாக இருப்பது அழுக்கில்லையாம், நாள்பட்ட சூட்டில் கண்ணாடிக்குள்ளேயே பளிங்கு முள்ளு முள்ளாக வளர்ந்திருக்கிறதாம், பாகு பூத்துப்போகிற மாதிரி. அதுவரை சந்தோஷமாகத்தான் வாசித்தேன். கண்ணாடியைக் கெடுத்தது உன் அப்பாதான் என்று பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா அவரை அடுப்பு வேலையிலிருந்து நிறுத்திவிட்டாரே, விசாரணை முடியும்வரை புதுக் கண்ணாடியும் போடமாட்டேன் என்கிறாரே, வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகுமே, பிள்ளை காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த வரியிலேயே, சாம்பல் பட்ட இடத்தில்தான் அந்த முள் முதலில் பிடித்திருக்கிறது, பட்டை பட்டையாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். நெருப்பும் சாமிதானே என்று வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த மனுசன் அந்தக் கண்ணாடிக்குத் திருநீறு பூசினார். சொன்னால் கேட்கிற ஆளா?

அதோடு விட்டாயா? பூத்த கண்ணாடிக்குப் பலமில்லை, எந்த நேரமும் வெடித்துத் தெறிக்கும், முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்றும் எழுதிவிட்டாய். இப்போது அங்கே நிற்பது உன் தங்கச்சி புருசன் சோலைமலை. முகத்தை ஒட்டவைத்துத்தான் நெருப்புப் பார்க்கிறார். மீனம்மாவோ முழுகாமல் இருக்கிறாள்.

உன் அப்பா உடனே சட்டையை மாட்டினார். வெடிக்கும்னு மட்டும் சொல்லுங்க, திருநீறு பூசுனத நாமளா ஏன் சொல்லணும் என்று கையைப் பிடித்தேன். வெறும் வாயால சொன்னா எவன் அடுப்ப அணைப்பான், காயிதத்தக் காட்டித்தான் ஆகணும் என்று கையை உதறிவிட்டுக் கொண்டுபோய்விட்டார். எனக்கு உன்மேல் கோபம், அவர்மேல் அதைவிடக் கோபம், எல்லாவற்றையும்விடப் பயம். சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே.

இதோ, வாசலில் நிற்கிற மீனம்மா கூப்பிடுகிறாள். பெக்டரிக் குழாயில் புகை நின்றுவிட்டது. கொழுந்து குவிந்து கிடக்கிற நேரத்தில் ஒருநாளும் நிற்காத புகை. அப்படியானால் அவர் காட்டிவிட்டார். மருமகன் கண் பிழைத்தது, அழுகையாக வருகிறது எனக்கு.

நீ நன்றாக இருக்கவேண்டும் சாமி, உண்மையை எழுதினதற்கு உன்னைத் திட்டமாட்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் வேறு விலாசம் எழுதும்வரை இங்கே கடிதம் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா வேலாயி