தங்க முலாம் பூசிய வயர்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
19.11.2024

அன்பு மகள் ஷீனாவுக்கும் மருமகன் ரிச்சர்டுக்கும் என் செல்லம் ஜெமிமாவுக்கும் அம்மா எழுதுவது. கர்த்தர் இதுவரை எங்களைக் காத்துவருகிறார், உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. மஸ்கட்டில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன்னோடு நான் பேசும்போதெல்லாம் உன் அப்பா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எழுதி அனுப்பலாம் என்றால் பாதி நேரம் போனே அவர் கையில்தான். சோலைச்சாமி அண்ணன் மகன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். எண்ணெய் கசிந்திருந்தால் திட்டாமல் துடைத்துப் படி.

இங்கே நல்ல மழை. இப்படியே பெய்தால் பிளவக்கல் அணை நிரம்பும் என்கிறார்கள். நம் பின்கட்டுச் சுவர் ஊறிப்போய் நிற்கிறது, கொத்தனார் இன்றைக்கு வாரேன் நாளைக்கு வாரேன் என்று ஏய்க்கிறார்.

விஷயம் டி.வி.யைப் பற்றியது. சிரிக்காதே, முழுவதும் படி.

பழைய டி.வி.யில் எல்லோரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று உன் அப்பா குறை சொல்லிக்கொண்டே இருந்தது உனக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடியில் ராஜபாளையத்துக்குப் போய், தென்காசி ரோட்டில் புதிதாகத் திறந்த கடையில் பெரிதாக ஒன்று வாங்கிவந்தார். டி.வி. தனியாக வரவில்லை, மணப்பெண் மாதிரி சீர்வரிசையோடு வந்தது. ஒரு ஸ்டெபிலைசர், சுவரில் மாட்ட இரும்புச் சட்டம், கூடுதல் வாரண்டி என்று ஒரு காகிதம், திரையைத் துடைக்கச் சின்ன பாட்டிலில் ஏதோ தண்ணீர். அந்தத் தண்ணீர் மட்டும் முந்நூற்று ஐம்பது ரூபாய். ஈரத்துணியால் துடைத்தால் டி.வி. கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சட்டத்தை மாட்ட ஆள் வந்து, ஊறின சுவர் தாங்காது என்று சொல்லிப் போய்விட்டான். டி.வி. இன்றும் மேஜை மேல்தான் இருக்கிறது.

அதிலும் பேச்சு தெளிவில்லை என்றார். மறுபடியும் ராஜபாளையம். அந்தக் கடையில் மாரிசாமி என்று ஒருவன், கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தவனாம். ஆளை உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, பிறகுதான் கத்தியை எடுப்பான். இப்ப வார டி.வி. எல்லாம் ஒல்லி அங்கிள், சத்தம் பின்னாடி சுவத்தப் பாத்துப் போயிருது, சவுண்ட்பார் வச்சாத்தான் நம்ம பக்கம் வரும் என்று சொல்லி, முழ நீள ஸ்பீக்கர் ஒன்றையும், அதோடு பீரோ மாதிரி ஒரு பெட்டியையும் தலையில் கட்டிவிட்டான். அதைப் போட்ட அன்று பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் ஓடிவந்தாள். யக்கா, ஒங்க வீட்டுல நியூஸ் வாசிச்சா எங்க வீட்டுல பாத்திரம் உருளுது என்றாள்.

மூன்றாவது குறைதான் விசேஷம். ஆட்கள் வாயை அசைப்பது ஒன்று, பேசுவது ஒன்றாக இருக்கிறது என்றார். நான் போய்ப் பார்த்தால் ஓடுவது இந்தி சீரியல், தமிழில் குரல் கொடுத்தது. அதில் வாயும் பேச்சும் எங்கே பொருந்தும்? சொன்னேன், கேட்கவில்லை. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். மாரிசாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அது வயர் பிரச்சினை அங்கிள், சாதா வயர்ல சத்தம் நொண்டி நொண்டி வரும், தங்க முலாம் பூசுன வயர்ல பாஞ்சு வரும் என்றான். ஒன்றரை மீட்டர் வயர், இரண்டாயிரத்து நானூறு. அதே மாதிரி வயர் நம் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் இருநூறுக்குத் தொங்குகிறது. என் கழுத்துச் சங்கிலியில்கூட அம்புட்டுத் தங்கம் பூசியிருக்காதுலே என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரிடம் பில்லுக்குப் போனான். உன் அப்பா பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. அப்போது உன் அப்பா சாவகாசமாகச் சொல்கிறார், அந்தப் பய உள்ள போயி மேனேஜர்ட்ட என்ன சொன்னாம் தெரியுமா, பெருசு எதச் சொன்னாலும் வாங்கும் சார், இன்னைக்கு டார்கெட் முடிஞ்சுதுன்னான் என்று. கதவு சாத்திய கண்ணாடி அறை. வெளியே நின்ற எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாயப் பாத்தாத் தெரியாதா என்றார். அவர் வேலை பார்த்த மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடும் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள், மூன்று மெஷின் தள்ளி நிற்பவனைக்கூடக் கேலி செய்வார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான். ஏமாத்துதாம்னு தெரிஞ்சும் ஏன் வாங்குனீங்க என்றேன். ஒருவேளை கேட்டுச்சுன்னா என்றார். என்ன கேட்கவேண்டும் என்று நான் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முந்தாநாள் ஞாயிறு ஆராதனையில் பதில் வந்தது. குருவானவர் விண்ணப்ப ஜெபத்தில், நம் சபையார் ஜெபக்குமாருடைய பேத்தி குழந்தை ஜெமிமாவின் கட்டப்பட்ட நாவு அவிழ்க்கப்பட வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து அழுதாள். இன்னொருத்தி வசம்பு உரசி நாக்கில் தடவச் சொன்னாள். நம் ஜெமிமா, ரிச்சர்ட் அம்மாவே வாயை மூடு என்று கெஞ்சும் ஜெமிமா!

வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் நீ அனுப்பிய வீடியோவை டி.வி.யில் போட்டார். பிள்ளை கோழிக்குஞ்சு பாட்டைப் பாடுகிறாள், நடுவில் தாத்தா தாத்தா என்று கூப்பிடுகிறாள். எனக்குக் கணீரென்று கேட்கிறது. உன் அப்பாவோ, பாரு, வாயத் திறக்கு, மூடுது, ஒரு வார்த்தை வரல, ரெண்டு வயசு தாண்டியாச்சு, ஷீனா நம்மகிட்ட மறைக்கா என்கிறார். பிள்ளை பாடுதுங்க என்றேன். என்னைப் பார்த்து, ஏட்டி, ஆறுதல் சொல்லாத என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். கேஸ் கசியுதுங்க என்றேன். திரும்பவில்லை. சரி என்று, கல்யாணமான நாளிலிருந்து நான் திட்ட நினைத்து அடக்கிவைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திட்டினேன். உன் பாட்டி வரைக்கும் போனேன். மனுஷன் அசையவில்லை, பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார். எனக்கு வசவு நின்று அழுகை வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காத திமிர் பிடித்த மனுஷன் என்று எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! செய்தி வாசிக்கிறவள் முகம் தெரியும்வரை அவருக்குச் செய்தி புரியும், அவள் மறைந்து படம் மட்டும் ஓடினால் டி.வி. சரியில்லை என்பார். நாம் பேசும்போது முகம் பார்த்துக்கொள்கிறார். மழலைக்கு எந்த உதட்டைப் பார்ப்பார்? அது சரியாகவா வாயை அசைக்கிறது?

செவிலியர் வேலை பார்க்கும் ஜெயசித்ராவிடம் விசாரித்தேன். மில் இரைச்சலில் முதலில் போவது மெல்லிய சத்தம்தான், பிள்ளைகள் குரல், குருவிச் சத்தம் எல்லாம் போய்விடும், தடித்த சத்தம் கேட்டுக்கொண்டு இருப்பதால் ஆளுக்கே தெரியாது, மதுரையில் டாக்டரிடம் காட்டிக் காதுக்கு மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றாள். பஸ் ஹாரன் கேக்கு, கொட்டுச் சத்தம் கேக்கு, எனக்கென்ன என்று அவர் சொல்வதும் அதனால்தான்.

நான் சொல்லாமல் இல்லை. பிள்ளை நல்லாப் பேசுது, ஒங்களுக்குத்தான் காது கேக்கல என்று நேற்று நேராகவே சொன்னேன். சொல்லும்போது பாழாய்ப்போன கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர், என்னத் தேத்த எம்புட்டுப் பெரிய பொய்யிடி சொல்லுத என்று என் தலையைத் தடவிக் கொடுக்கிறார். வயருக்கும் பலன் இல்லை என்று ஆனதும், இப்போது வேறு ஒரு ஸ்பீக்கரைப் பற்றி மாரிசாமியிடம் விசாரித்துக்கொண்டு இருக்கிறார். பணம் போகட்டும். ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், கேட்டால் பசியில்லை என்கிறார்.

ஆகையால் நீதான் சொல்ல வேண்டும். பெற்ற தகப்பனிடம் உங்களுக்குக் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்று நீ தயங்குவாய். தயங்க வேண்டாம். அவர் குருவானவரிடம் என்ன சொல்லி ஜெபிக்கச் சொன்னாராம் தெரியுமா? எனக்கு இருக்கிற பேச்சை எடுத்துவிட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும், எனக்கு வயசாயிட்டு என்றாராம். குருவானவரே என்னிடம் சொன்னார். அப்படிப்பட்டவரிடம், போனது உங்கள் காதுதான், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்வது துக்கச் செய்தியா, அம்மா? அவர் ஊர் முழுக்க மிட்டாய் கொடுப்பார்.

வீடியோவில் வா. ஜன்னல் வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, அவசரப்படாமல் நிதானமாகச் சொல். என்னை மாதிரி அழுதுவிடாதே, நம்பமாட்டார். நீ பேசும்போது கர்த்தர் உன் வாயோடு இருப்பாராக.

உன் அம்மா,
பொன்மணி