தாண்டிப் போன வரி

ஜூன் 3, செவ்வாய்

காலை முழுக்க திரையில் வரும் ஒரு பொத்தானின் நிறத்தைப் பற்றி முதலாளியோடு வாக்குவாதம். எங்கள் கம்பெனியில் மொத்தமே மூன்று பேர்: முதலாளி, நாங்கள் ‘தாடி’ என்று கூப்பிடும் பையன், நான். செய்வது ஒரே ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், எழுத்து ஃபைல்களைத் திறந்து படிக்க, திருத்த, தேட. அதன் தேடல் பகுதி என் பொறுப்பு.

பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்களாம். பதினான்கு வருஷமாக ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் ஏழாம் எண் இருக்கை அவளுடையது. போன மாதம் ஒரு சைக்கிள் கடைக்காரர் மனைவிக்கு மூச்சு முட்டுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார். 4.12க்கு அழைப்பு. வண்டி கிளம்பியது 4.31க்கு. அந்த அம்மா பிழைக்கவில்லை. பத்தொன்பது நிமிடம் அக்கா சும்மா இருந்தாள் என்று மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“நான் உடனே அனுப்பினேன்டி. திரையில ‘வண்டி போகுது’ன்னு பச்சை வந்துச்சு. மேப்ல வண்டி நகரல, அதனால மறுபடி அனுப்பினேன். மூணு தடவை. அப்புறம் அந்த மேற்பார்வையாளரையே கூப்பிட்டேன். ‘போகும், விடு, அடுத்த போனை எடு’ன்னார்.”

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 5, வியாழன்

அக்காவோடு அவள் அலுவலகம் போனேன். பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டோம். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே ஒரு டிஸ்க்கை மேசைமேல் தள்ளினார். நான்கு மாதப் பதிவு. எல்லா இருக்கையும், எல்லா வண்டியும், நொடிக்கு நொடி, ஒரே டெக்ஸ்ட் ஃபைல். முப்பத்தெட்டு ஜிபி.

“எங்க ஆளாலயே திறக்க முடியல. முடிஞ்சா நீங்க திறந்து பாத்துக்கோங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் சோற்றையே மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

ஜூலை ஒன்றாம் தேதி விசாரணை. எங்களுக்கு அரை மணி நேரம். வெட்டி எடுத்த துண்டு, பிரின்ட் எதுவும் செல்லாதாம். முழு ஃபைலில், அது இருக்கிற இடத்திலேயே, அவர்கள் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும்.

காட்டறேன்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் எடிட்டரில் திறந்தேன். கம்ப்யூட்டரே உறைந்து போனது. வெட்கம்.

ஜூன் 10, செவ்வாய்

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பேச்சு வழவழ. யாரும்மா எடிட்டரில் முப்பத்தெட்டு ஜிபி திறக்கிறார்கள், யானையைத் தூக்கி இடுப்பில் வைக்கப் பார்க்கிறீர்கள் என்றார். பொத்தான் வேலையை முடிக்கச் சொன்னார்.

பொத்தானைத் தாடியிடம் தள்ளிவிட்டேன். தாடி ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டான்.

யானையை யார் தூக்கச் சொன்னது? இதுவரை நாங்கள் செய்த முட்டாள்தனமே அதுதான், முழு ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றுவது. பார்க்கிறவருக்குத் திரையில் நாற்பது வரி போதும். அந்த நாற்பதை மட்டும் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் காட்டு. நகர்ந்தால் அடுத்த நாற்பது. மீதி இருக்கும் இடத்திலேயே கிடக்கட்டும்.

இன்று மாலை ஐந்தரைக்கு ஃபைல் திறந்தது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தேன், குழந்தை மாதிரி.

ஜூன் 16, திங்கள்

திறப்பது ஒன்று, தேடுவது வேறு. முதல் தேடல் நாற்பத்து மூன்று நிமிடம். அரை மணி நேரத்தில் நாற்பத்து மூன்றை எங்கே அடைப்பது?

வண்டிகளின் கருவிகள் விட்டுவிட்டுத் தகவல் அனுப்புவதால் வரிகள் நேர வரிசையில் இல்லை. குறுக்கு வழி கிடையாது, முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்காமல், தேடும் எண்ணின் கடைசி இலக்கம் வர வேண்டிய இடத்தை முதலில் பார்த்தேன். அந்த இடத்தில் எண்ணிலேயே இல்லாத எழுத்து இருந்தால் ஆறு எழுத்தையும் ஒரே தாவலில் தாண்டலாம். பிறகு ஃபைலை நான்காகப் பிரித்து நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் தேட வைத்தேன். மிக நீளமான வரிகளைத் தாண்டினேன். அவை எப்படியும் குப்பை.

ஒரு நிமிடம் ஐம்பது நொடி!

முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

அந்த அழைப்பின் எண் 614093. தேடினேன். பதினோரு வரி. அழைப்பு வந்தது, முகவரி பதிந்தது, அக்கா அதைப் படித்துச் சரிபார்த்தது, எல்லாம் இருக்கிறது. அப்புறம் 4.31க்கு மேற்பார்வையாளர் இருக்கையிலிருந்து ஒன்பதாம் எண் வண்டியை அனுப்பியது. நடுவில் ஒன்றுமே இல்லை. அக்கா அனுப்பியதாக ஒரு வரி இல்லை.

திரும்பத் தேடினேன். பதினொன்று. மறுபடி. பதினொன்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அனுப்பினதா நினைச்சுக்கிட்டு மறந்திருப்பியோ, அன்னிக்கு ரொம்ப நெருக்கடியோ என்று — ஐயோ, என்னென்னவோ உளறினேன். குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ என்னை நம்ப வேண்டாம். ஆனா உன் பெட்டி சொன்னதை மட்டும் ஏன் நம்பற? நான் சொன்னா மறதி, அது சொன்னா சத்தியமா?”

கிளம்பி வந்துவிட்டேன். அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

அவள் கேட்டது சரி. ஏன் நம்பினேன்? நான் செய்தது என்பதால்தானே?

முதல் வேலையாக, என் தேடல் உண்மையில் எவ்வளவு பார்க்கிறது என்று கூட்டிப் பார்த்தேன். ஃபைல் முப்பத்தெட்டு ஜிபி. பார்த்தது முப்பத்தாறரை. ஒன்றரை ஜிபியை மூச்சுக் காட்டாமல் விழுங்கியிருக்கிறது.

நீள வரிகள். வேகத்துக்காக நானே தாண்டச் சொன்ன ‘குப்பை’.

அந்தத் தாவலை எடுத்துவிட்டு ஓட்டினேன். பன்னிரண்டு வரி, ஆனால் பதினைந்து இடங்கள். புதிதாக வந்த நான்கும் ஒரே வரிக்குள். எழுபது லட்சம் எழுத்து உள்ள வரி. வண்டியின் கருவி நெட்வொர்க்கை இழந்தால், கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் அந்த வண்டி தொடர்பாக நடப்பதையெல்லாம் வரி முடிக்காமல் ஒட்டி ஒட்டி எழுதிக்கொண்டே போகிறது.

இருக்கை 7, 614093, வண்டி 22, அனுப்பு, பதில் இல்லை. 4.12.
அதே. 4.13.
அதே. 4.15.
இருக்கை 7, 614093, மேற்பார்வையாளர் அழைப்பு, ஏற்கப்பட்டது. 4.16.

ஏற்கப்பட்டது! அவர் பேசியிருக்கிறார். பதினைந்து நிமிடம் அவர் கையில் இருந்திருக்கிறது.

கண்ட்ரோல் ரூமின் அறிக்கை போடும் புரோகிராமும் இந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அதை எழுதினவனைத் திட்ட வாய் வந்தது. திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அக்காவுக்குப் போன் செய்து, “இருக்கு” என்றேன். “தெரியும்” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். முதல்ல என் செருப்பைக் கொண்டுவந்து கொடு என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

எழுபது லட்சம் எழுத்தை ஒரே வரியாகக் காட்டப் போனால் எடிட்டர் திணறுகிறது. அந்த வரியிலும் தேவையான பகுதியை மட்டும் எடுத்துக் காட்ட வைத்தேன். நானும் தாடியும் ஆளுக்கொரு பக்கம் சரிபார்த்தோம். தாவல் போனதில் பதினைந்து நொடி கூடிவிட்டது. கூடட்டும்.

மேற்பார்வையாளர் ஆள்விட்டிருக்கிறார். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பேசி முடித்துவிடலாமாம். அக்கா வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, கடிதத்துக்குப் பேப்பர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

சின்ன அறை. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. மேற்பார்வையாளர், அக்கா, நான். சுவரோரம் சைக்கிள் கடைக்காரர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.

அவர்கள் கம்ப்யூட்டர் பழசு. டிஸ்க்கைச் செருகினேன். ஃபைல் திறந்ததும் மேற்பார்வையாளர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. 614093 அடித்தேன். நான்கு நிமிடம் ஆகும் என்று அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பதினைந்து. அந்த வரியில் போய் நின்றது. அதிகாரி எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து படித்தார். மேலும் கீழும் நகர்த்தச் சொன்னார். தன் கையாலேயே ஒருமுறை தேடிப் பார்த்தார். பிறகு மேற்பார்வையாளரிடம், 4.16க்கு ஏற்றுக்கொண்ட அழைப்பில் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். நினைவில்லை என்றார் அவர். இந்தக் கருவிகள் இப்படி எதையாவது கிறுக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“கிறுக்குச்சுன்னா மூணு தடவை என் இருக்கை எண்ணையே ஏன் கிறுக்கணும்?” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

கடைக்காரர் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். அதிகாரி தலையசைத்தார். அவருக்கு வாசிக்க நேரம் பிடித்தது. நான் விரலால் காட்டினேன்.

“மூணு தடவையா?” என்றார்.

“மூணு தடவை,” என்றாள் அக்கா. “அதுக்கப்புறம் நாலாவதா வேற வண்டிய நானே அனுப்பியிருக்கணும். பச்சையை நம்பிட்டேன்.”

அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லாதே என்று நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தும் சொன்னாள்.

கடைக்காரர் திரையிலிருந்து நிமிர்ந்தார். “நீங்க விட்டுடலை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அக்கா இன்றைக்குத்தான் அழுதாள்.

ஜூலை 9, புதன்

உத்தரவு வந்தது. அக்காமேல் தவறில்லை. மேற்பார்வையாளர்மேல் தனி விசாரணை. கீழே கையெழுத்துப் போட்டால் பழைய இடத்துக்கே போகலாம்.

அக்கா போடவில்லை! பதில் வராத வண்டிக்குப் பச்சை காட்டக் கூடாது என்று ஒரு வரி அதில் சேர்த்தால்தான் போடுவாளாம். கிடைச்சதை வாங்கிக்கிட்டுப் பேசாம இரேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இந்த வீட்டில் அப்படி இருந்தவர்கள் யார்?

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அரை மணி கழித்து ஒரு செய்தி அனுப்பினாள்: “வேலையில இருக்கேன். வண்டி பதில் சொல்லலைன்னா சிவப்பு வருது. காலையிலேர்ந்து ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவையும் வேற வண்டி போயிடுச்சு.”