மந்திரித்த கறுப்புக் கிற்றார்

யேசு மரி சூசை

கொழும்பு 13,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஹெக்டருக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் மகளும் சுகம். நீங்களும் கப்பலில் உள்ள எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் என் அன்றாடச் செபம். வாட்சப்பில் கதைக்கிற காலத்தில் இவள் ஏன் பேனையும் தாளும் எடுத்தாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீங்கள் ஒன்பது சொல்லிக் குறுக்கே விழுவீர்கள். தாளில் என்றால் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு வாசிக்கத்தானே வேண்டும். மேல்வீட்டு றமேஷ் சனிக்கிழமை சிங்கப்பூர் போய் உங்கள் கப்பலில் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே மாசிச் சம்பலும் பிரஷர் குளிசையும் வருகின்றன. சம்பலைப் பங்கு போடுங்கள், குளிசையை மறக்காமல் நீங்களே போடுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. மழை தொடங்கிவிட்டது. குசினிப் பக்கத்து ஒழுக்கை இப்றாஹிம் பாஸ் வந்து பார்த்துத் தகடு மாற்றினார், இப்போது சொட்டுவதில்லை. தெஹிவளைச் சின்னம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. உங்கள் மகள் றஷ்மி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாள். நத்தார் கரோல் நிகழ்ச்சிக்கு எங்கள் கோவில் பாடகர் குழுவில் லீட் கிற்றார் அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமா, அதைக் கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள் என்று கேள்வி.

இனி அந்தக் கிற்றாருக்கு வருகிறேன். சாய்ந்து இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

வெள்ளவத்தை ஷிராஸ் தன் கடையில் உள்ள கிற்றார்ப் படங்களை அனுப்பினபோது அந்தக் கறுப்பைக் கண்டு நீங்கள் பட்ட சந்தோஷம் எனக்கு மறக்காது. கலியாண வீடுகளில் பாண்ட் வாசித்த காலத்தில் உங்கள் தோளில் தொங்கிய அதே மொடல், அதே நிறம். அதையே எடு, வேறொன்றையும் திரும்பிப் பார்க்காதே என்று கட்டளை போட்டீர்கள். கப்பல் வேலையில் உங்கள் விரல் துண்டாகிப் போன பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே நாங்கள் இருவரும் மறுபேச்சுப் பேசாமல் வெள்ளவத்தைக்குப் போய் அதை வாங்கினோம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையில் புதுச் சாமான் கையில் இருக்கும்போது கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகாமல் வீட்டுக்கு வருகிற ஆளா நான்? கடையில் றஷ்மி ஒருதரம் வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கோவிலில் சனம் கூடிவிடும், வீட்டில் போய்ப் பார் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அங்கே எங்களுக்கு முன்னால் புது ஓட்டோவின் திறப்புக் கொத்தோடு ஒருவர் நின்றார், பரீட்சை அட்மிஷன் காட்டோடு ஒரு பிள்ளை நின்றாள். நாங்கள் அந்த நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பாதர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, செபம் சொல்லி, தாராளமாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். உங்கள் மகள் ஆமென் சொன்ன கையோடு கைலேஞ்சியை எடுத்துக் கம்பிகளைத் துடைத்தாள். துருப்பிடித்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்துதான் சங்கதி தெரிந்தது. அந்தக் கிற்றார் சரியான பாரம். நின்று வாசித்தால் வார் அவள் தோளை வெட்டுகிறது. கிற்றாரின் கழுத்து உங்கள் கைக்கு வீடு கூட்டுகிற தும்புத்தடிப் பிடி மாதிரி இருந்திருக்கும், அவளுக்கு அது தென்னங்குற்றி. சுண்டு விரல் கடைசிக் கம்பிக்கு எட்டாமல் மணிக்கட்டை முறுக்கி முறுக்கி வாசித்தாள். ஹெக்டர், அவளுடைய முகம் உங்களுடையது, பிடிவாதம் உங்களுடையது, பாட்டும் உங்களுடையதுதான். கை மட்டும் என்னுடையது. என் கட்டைக் கையைப் பற்றி நீங்கள் கலியாணமான புதிதில் அடித்த பகிடி எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

அவள் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்தபோது சுப்பர் டடி, இதைப் போல ஒன்று இல்லை என்று சொன்னாள். போனை வைத்ததும் மணிக்கட்டுக்கு சித்தாலேப பூசிக்கொண்டு படுத்துவிட்டாள். அடுத்த கிழமை பெட்டியைத் திறக்கிற சத்தமே வீட்டில் கேட்கவில்லை. பாடகர் குழுவில் லீட்டை வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்று சொல்லப் போகிறாளாம், படிப்பு அதிகமாம். சோறு தின்ன மறந்தாலும் கிற்றாரை மறக்காத பிள்ளை இது.

அவள் வகுப்புக்குப் போன நேரம் நானே அதை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். சிரிக்காதீர்கள். என் விரல்களைக் கழுத்தைச் சுற்றி வைத்துப் பார்த்தேன், பாதிக்குக் கூட வரவில்லை. அன்று பின்னேரம் அவள் வந்ததும் தேத்தண்ணியைக் கொடுத்து, இது உனக்குச் சரிவரவில்லை என்ன, என்று நேரே கேட்டேன். ஓம் என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். திருப்பிக் கொடுத்து வேறு எடுப்போம் என்றேன். மந்திரித்ததைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் பாவமில்லையா மம்மி, அதோடு டடி ஆசைப்பட்டு வாங்கினது என்றாள். அவள் சொன்ன முதல் காரணம் என்னையும் பிடித்துக்கொண்டது. மந்திரித்த படத்தைக் கூட விலைக்கு விற்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள்தானே நானும். வாங்கின பொருளை வாசித்துப் பார்க்க முதல் தீர்த்தம் தெளிக்கிற புத்தி எங்கள் சனத்துக்குத்தான் வரும்.

பாதரிடம் போய்க் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் மரக்கட்டைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே ஐறீன், வாசிக்கிற பிள்ளைக்காகத்தானே செபித்தேன், அது எந்தக் கிற்றாருக்கும் அவளோடு போகும் என்றார். பிறகு, அடுத்த தரம் முதலில் வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குத் தேவைதான்.

போன வெள்ளிக்கிழமை திரும்பவும் கோட்டையில் றெயின் ஏறினோம். ஷிராஸிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், தீர்த்தம் தெளித்ததையும் சொன்னேன். நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது பாருங்கள். அவர் பெட்டியைத் திறந்து நன்றாகப் பார்த்து, ஒரு கீறலும் இல்லை அக்கா, மாற்றித் தருகிறேன் என்றார். இந்த மொடல் பாரம் என்று ஒருவரும் தொடுவதில்லை, நானும் துஆ கேட்டுப் பார்த்துவிட்டேன், நீங்களும் கேட்டு வைத்திருக்கிறீர்கள், இனியாவது போகட்டும் என்றார். நல்ல மனிதர்.

இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வயரைக் கூடச் செருக விடவில்லை. அம்ப் பெட்டியைப் போட்டால் எல்லாம் நல்லாத்தான் கேட்கும், முதலில் கை சொல்லட்டும் என்றாள். ஒவ்வொன்றாக மடியில் வைத்து, இடக்கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கழுத்துப் பக்கம் பாரத்தில் கீழே சாய்ந்தால் அது வேண்டாம். பிறகு வாரைப் போட்டு எழுந்து நின்று, எல்லாவற்றிலும் அதே சின்னத் துண்டை வாசித்தாள். எனக்குச் சிவப்பில் பளபளவென்று ஒன்று பிடித்திருந்தது. கண்ணால் காட்டினேன், அவள் கணக்கெடுக்கவில்லை. அவள் தன் விரலையல்லவா பார்த்துக்கொண்டு வாசிக்கிறாள்.

கடைசியில் ஒரு பச்சையை எடுத்தாள். பச்சை என்றால் நல்ல பச்சை இல்லை ஹெக்டர், அவிந்த வெண்டிக்காய் நிறம். அதை எடுத்த பிறகு கீழே வைக்கவில்லை. அந்தச் சின்னத் துண்டு முடிந்து வேறொன்று தொடங்கினாள், அது முடியப் பாடகர் குழுப் பாட்டு, பிறகு பெயர் தெரியாத ஒன்று. சுண்டு விரல் அது பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. மற்றவற்றில் எல்லாம் குனிந்து விரலைப் பார்த்தவள் இதில் தெருவைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். எப்படி இருக்கிறது மகள் என்று கேட்டேன். மம்மி, கையில் ஒன்று இருக்கிறதே மறந்துபோகுது என்றாள். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிறகுதான் ஷிராஸ் வயரைச் செருகினார். தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் பையை எடுத்தபோதுதான் அவள் ஷிராஸிடம் மெல்லமாக ஒன்று கேட்டாள். அந்தக் கறுப்பு விற்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்ச நேரம் இரவல் தருவீர்களா அங்கிள், டடி எடுக்கும்போது கையில் வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றாள். ஷிராஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் இல்லை.

றெயினில் வரும்போது கேட்டேன், ஏன் மகள் இந்தக் கூத்து என்று. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. உங்கள் விரல் போன நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து, விரல் போனால் போகட்டும் ஐறீன், என்ர கிற்றாரை இனி றஷ்மி வாசிப்பாள் என்று என்னிடம் சொன்னீர்கள். எனக்குத் தைரியம் சொல்லத்தான் அதைச் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேசையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அதைக் கேட்டிருக்கிறாள். இந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு பாட்டுப் பழகும்போதும் அந்தச் சொல்லை மனதில் வைத்துத்தான் பழகியிருக்கிறாள். கறுப்பைத் திருப்பிக் கொடுத்தது உங்கள் கையைத் திருப்பிக் கொடுத்தது போல இருக்கிறதாம் அவளுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை படம் வரவில்லை, லைன் சரியில்லை என்று நீங்கள் போன் கொம்பனிக்காரரைத் திட்டினீர்கள். லைனுக்கு ஒரு குறையும் இல்லை. கமராவை நிற்பாட்டினது உங்கள் மகள். பச்சைக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டுதான் உங்களோடு கதைத்தாள்.

கறுப்பை நினைத்து உங்களுக்கு மனம் நோகும் என்பது எனக்குத் தெரியும். நோகட்டும், அதை என்னிடம் சொல்லுங்கள், என்னோடு சண்டை பிடியுங்கள், நான் தாங்குவேன். அவளிடம் மட்டும் வேண்டாம். பாடகர் குழுவில் லீட்டை விடுகிற கதை இப்போது இல்லை. விடிய எழும்பி வாசிக்கிறாள், வகுப்பால் வந்து வாசிக்கிறாள், றமேஷின் அம்மா மேலிருந்து இன்னொருக்கால் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறா. ஆனால் நீங்கள் எடுக்கிற நேரம் நெருங்கினால் பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது கமராவைப் போடு மகள், புதுக் கிற்றாரைக் காட்டு என்று நீங்களே கேளுங்கள். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவள் ஏதாவது பொய்யைத் தேடி எடுக்க முதல், நீ எடுத்ததுதான் சரி என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, இடையில் பாயாமல், கடைசிவரை கேளுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம் ஹெக்டர். விரல் போனபோது நீங்கள் அழவேயில்லை. எங்களுக்காக அடக்கி வைத்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுங்கள்.

கடல் உங்களை நல்லபடி வைத்திருந்து நல்லபடி திருப்பித் தரட்டும்.

உங்களோடு சண்டை பிடிக்கவும் உங்களுக்காகச் செபிக்கவும் உரிமையுள்ள,
ஐறீன்